அறையில் இருந்த இன்னொரு ரகசியம்

சிம்சோன் என்றதும் எல்லோருக்கும் தெலீலாள்தான் ஞாபகத்துக்கு வருவாள். பைபிளில் ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்களுக்கும் அந்த மடி தெரியும், அந்த முடி தெரியும். நம்பிக்கைத் துரோகத்துக்கு ஒரு பெண் முகம் தேவைப்பட்டபோதெல்லாம் ஐரோப்பிய ஓவியர்கள் அவளைத்தான் தேடிப் போனார்கள்.

ஆனால் நியாயாதிபதிகள் புத்தகத்தில் தெலீலாள் வருவது 16ஆம் அதிகாரத்தில். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னாலேயே இன்னொரு பெண் இருக்கிறாள். திம்னாத் ஊர்க்காரி, பெலிஸ்தப் பெண், சிம்சோன் கட்டிக்கொண்டவள். அவளும் அவனுடைய ரகசியத்தை வெளியே சொன்னாள். அவளுக்கு அந்தப் புத்தகம் ஒரு பெயர்கூடத் தரவில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவளைப் பற்றியது. 'என்னை நம்பிச் சொன்னதை வெளியே சொல்லிட்டா' என்று நாம் ஒருவரைக் குற்றம் சாட்டும்போது, உண்மையில் எதைக் குற்றம் சாட்டுகிறோம் என்பதை யோசிக்க தெலீலாளைவிட அவள்தான் சரியான ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெலிஸ்தர் இஸ்ரவேலரை ஆண்டுகொண்டிருந்த காலம். திம்னாத்துக்குப் போகும் வழியில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில், ஒரு சிங்கம் சிம்சோன் மேல் பாய்கிறது. வெறுங்கையால் அதைக் கிழித்துப்போடுகிறான். அப்பா அம்மாவிடம் சொல்வதில்லை. சில நாள் கழித்து அதே வழியில் போகும்போது சிங்கத்தின் உடலில் தேனீக்கள் கூடு கட்டியிருக்கின்றன. தேனைக் கையால் வழித்துத் தின்றுகொண்டே நடக்கிறான். அப்பா அம்மாவுக்கும் கொடுக்கிறான். அவர்களும் தின்கிறார்கள். அது எங்கே இருந்து வந்தது என்று இப்போதும் சொல்வதில்லை. செத்த மிருகத்தைத் தொட்டாலே தீட்டு என்கிற சமூகம் அது. மகன் கையை நம்பி வாங்கித் தின்றார்கள், அவ்வளவுதான். பெண்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நம்பிக்கையோடு ஒருவர் விளையாடிவிட்டார். அது சிம்சோன்.

பிறகு கல்யாண விருந்து. ஏழு நாள். பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து 30 தோழர்களை அவனோடு உட்கார வைக்கிறார்கள். சிம்சோன் அந்தச் சிங்கத்தையும் தேனையும் பெயர் சொல்லாமல் கோத்து ஒரு விடுகதை போடுகிறான். ஏழு நாளுக்குள் விடை சொன்னால் 30 மெல்லிய சணல் ஆடைகளும் 30 மாற்று உடைகளும் அவன் தர வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் அவனுக்குத் தர வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். இது நியாயமான விடுகதையே இல்லை. நல்ல விடுகதைக்கு விடை அதற்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்தால் என்றாவது பிடிபட வேண்டும். சிம்சோனுடைய விடுகதையின் விடை ஒரு நாள் ஒரு வழியில் அவனுக்கு மட்டும் நடந்த சம்பவம். என் தொழிலில் இதைப் புதிர் என்று சொல்லமாட்டோம், பாஸ்வேர்ட் என்றுதான் சொல்வோம். பாஸ்வேர்டை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவரிடமிருந்து பிடுங்கத்தான் முடியும்.

மென்பொருள் பாதுகாப்பில் திரெட் மாடலிங் என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு ரகசியம் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று கேட்பதோடு நிற்காமல், அதை எடுக்க நினைப்பவர் யார், அவர் எந்த வழியாக வருவார், யாரை நெருக்குவார் என்று உட்கார்ந்து எழுதிப்பார்ப்பது. 'எங்க டீம்ல எல்லாரும் நல்லவங்க' என்று அங்கே சொன்னால் சிரிப்பார்கள். நல்லவர் என்பது அங்கே ஒரு பதிலே கிடையாது. அந்த நல்லவரின் கழுத்தில் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

சிம்சோன் இப்படி ஒரு தாளில் எழுதிப்பார்த்திருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். பந்தயத்தில் தோற்கப்போகிற 30 பேர். யோசித்து வெல்ல முடியாத ஒரு கேள்வி. விடை தெரிய வாய்ப்புள்ள ஒரே ஆள், அவர்கள் ஊரிலேயே பிறந்து, அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மணப்பெண். விடுகதையைப் போட்ட அந்த நிமிஷமே அவன் அவளை அந்த 30 பேருக்கு முன்னால் நிறுத்திவிட்டான். தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

ரெம்ப்ராண்ட் 1638இல் இந்த விருந்தை வரைந்திருக்கிறார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசைக்கு நடுவில் கிரீடம் வைத்து மணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள், வெளிச்சமெல்லாம் அவள் மேல். பக்கத்தில் சிம்சோன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, விரல்களை மடக்கி நீட்டி விருந்தாளிகளிடம் விடுகதையை விவரித்துக்கொண்டிருக்கிறான். அவள் யாரையும் பார்க்கவில்லை, நேராக நம்மைப் பார்க்கிறாள். அந்த ஓவியத்தில் எனக்குப் பிடித்தது அந்த முதுகுதான். விடுகதை அவளை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அறியாத முதுகு.

அந்த 30 பேரும் அவளிடம் போனார்கள். உன் புருஷனை நயமாகப் பேசி விடையை வாங்கித் தா, இல்லாவிட்டால் உன்னையும் உன் அப்பன் வீட்டையும் கொளுத்திவிடுவோம் என்றார்கள். ஒரு துணிப் பந்தயத்துக்கு! அவள் சிம்சோனிடம் போய் அழுதாள். நீ என் மேல் ஆசை வைக்கவில்லை, வெறுக்கத்தான் செய்கிறாய், என் சனத்தாருக்கு ஒரு விடுகதை போட்டாய், எனக்கு அதைச் சொல்லவில்லை என்றாள். அவன் சொன்ன பதில் முக்கியமானது. என் அப்பா அம்மாவுக்கே சொல்லவில்லை, உனக்குச் சொல்வேனா என்று கேட்டான்.

விருந்து முடிகிற வரைக்கும் அழுதாள். ஏழாம் நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டான். அவள் போய் அவர்களிடம் சொன்னாள். சூரியன் மறைவதற்குள் அவர்கள் விடையோடு வந்து நின்றார்கள்.

இப்போது அந்த அறைக்குள் போவோம். அங்கே எத்தனை ரகசியங்கள் இருந்தன? சிம்சோனைக் கேட்டால் ஒன்று என்பான், சிங்கமும் தேனும். உண்மையில் இரண்டு இருந்தன. ஒன்று அவனுடையது, வெளியே போனால் 30 ஆடை நஷ்டம். இன்னொன்று அவளுடையது, ஒரு வீடும் அதற்குள் இருப்பவர்களின் உயிரும். சின்ன ரகசியத்தைக் கேட்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். பெரிய ரகசியத்தைச் சொல்லாமலே அழுதுகொண்டிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை? 'என்னைக் கொளுத்திடுவேன்னு சொல்றாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. சிங்கத்தைக் கிழித்தவன் 30 பேரை என்ன செய்திருக்கமாட்டான்? உண்மையில் பிற்பாடு அதைத்தான் செய்தான், அஸ்கலோனில் வேறு 30 பேரைக் கொன்று, அவர்கள் உடைகளை உரித்துக்கொண்டு வந்து பந்தயத்தைத் தீர்த்தான். அந்தக் கோபத்தை அவள் பக்கம் நின்று பட்டிருக்கலாம் இல்லையா?

பிரதி காரணம் சொல்வதில்லை. நாமாக அவள் மனதுக்குள் புகுந்து கதை கட்டவும் கூடாது. ஆனால் அவளுக்குக் கிடைத்த ஒரே பதில் நம் கையில் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கே சொல்லாததை உனக்கா என்ற பதில். அவள் தன் ஊராரை என் சனத்தார் என்கிறாள். அவன் தன் அப்பா அம்மாவைக் காட்டுகிறான். கல்யாணம் ஆன வாரத்திலேயே அவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று சொல்லிவிட்டான். அழுகிறவளிடம் 'ஏன் அழுகிறாய்?' என்று அவன் கேட்டதாக ஒரு சொல்கூட இல்லை. உன்னை இந்த அளவுக்கு நெருக்குவது எது என்று அவன் கேட்கவே இல்லை. கேட்காத ஒருவனிடம், தன் இனத்தைச் சேராத ஒருவனிடம், தன் ஊராரைக் காட்டிக்கொடுப்பதும் ஒரு துரோகம்தானே என்று அவள் நினைத்திருக்க இடம் உண்டு.

ஒரு நெருடலையும் சொல்லிவிட வேண்டும். எபிரேயப் பிரதியில் அந்த 30 பேர் அவளை மிரட்டியது ஏழாம் நாள் என்று இருக்கிறது. ஆனால் அவள் விருந்தின் ஏழு நாளும் அழுதாள் என்று அடுத்த இரண்டு வசனத்திலேயே வருகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு மிரட்டலை நாலாம் நாளில் வைக்கிறது, அப்போதும் கணக்கு முழுசாகச் சரியாவதில்லை. எபிரேயப் பிரதியை அப்படியே எடுத்துக்கொண்டால், மிரட்டலுக்கு முன்னாலிருந்தே அவள் கேட்டு அழுதுகொண்டிருந்தாள் என்றாகிறது. அதாவது முதலில் அது ஒரு புது மனைவியின் ஆதங்கம் மட்டுமே, 'என்கிட்டகூடச் சொல்லக்கூடாதா?' அப்புறம் அதே கேள்விக்குள் நெருப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு அழுகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கேட்கத்தான் வேண்டும்.

அவள் எந்த நெருப்புக்குப் பயந்து அவனைக் காட்டிக்கொடுத்தாளோ அந்த நெருப்பு பிறகு வந்தே தீர்ந்தது. கோபித்துக்கொண்டு சிம்சோன் தன் வீட்டுக்குப் போய்விட, அவள் அப்பா அவளை மாப்பிள்ளைத் தோழனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார். சிம்சோன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, 300 நரிகளின் வாலில் பந்தம் கட்டிப் பெலிஸ்தரின் வயல்களை எரிக்கிறான். பெலிஸ்தர் வந்து அவளையும் அவள் அப்பாவையும் சுட்டெரிக்கிறார்கள். 15ஆம் அதிகாரம், 6ஆம் வசனம். இரண்டு பக்கத்து ஆண்களும் தங்கள் கணக்கை அவள் வீட்டில் தீர்த்துக்கொண்டார்கள்.

சரி, அவள் செய்தது துரோகமா இல்லையா? அனெட் பேயர் என்ற நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி 1986இல் நம்பிக்கை பற்றி எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவும். ஒருவரைச் சார்ந்திருப்பதும் நம்புவதும் வேறு வேறு என்கிறார் அவர். சார்ந்திருந்தது கைவிட்டால் ஏமாற்றம், நம்பியது கைவிட்டால்தான் துரோகம். நம்புவது என்றால், எனக்குக் கெடுதல் செய்யும் வாய்ப்பை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் செய்யமாட்டார் என்று இருப்பது. கூடவே ஒரு பரிசோதனையும் சொல்கிறார். இந்த உறவு நிற்பதற்கு ஒவ்வொருவரும் எதை நம்பியிருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்தாலும் அந்த உறவு உடையாமல் இருக்குமா? இருக்கும் என்றால் அது நல்ல நம்பிக்கை. ஒருவரின் பயத்தாலோ, மறைக்கும் சாமர்த்தியத்தாலோ நிற்கிறதென்றால், அது அழுகியது.

இந்தப் பரிசோதனையைத் திம்னாத்தில் வைத்துப் பார்த்தால், அங்கே உடைவதற்கு நம்பிக்கையே இருந்ததா என்ற சந்தேகம் வருகிறது. அவன் அவளை நம்பிச் சொல்லவில்லை. நச்சரிப்பு தாங்காமல் சொன்னான், பிரதியே அப்படித்தான் சொல்கிறது. நீ என்னை நேசிக்கவில்லை என்ற குற்றச்சாட்டை வாயடைப்பதற்காகக் கொடுத்தது அது. நேசத்துக்கு ரசீதாகக் கொடுக்கப்பட்ட ரகசியம் நம்பிக்கையின் அடையாளம் ஆகாது. இன்றைக்குக் காதலிக்கிறவர்கள் போன் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்கிறார்கள். 'மறைக்க ஒண்ணும் இல்லன்னா கொடு' என்று கேட்டு வாங்கிய பாஸ்வேர்டுக்குள் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறதோ, அவ்வளவுதான் அங்கேயும் இருந்தது.

தெலீலாள் விஷயத்தில் இது இன்னும் அப்பட்டம். சிம்சோன் அவளை நேசித்தான் என்று பிரதி சொல்கிறது. அவள் அவனை நேசித்ததாக எங்கேயும் சொல்லவில்லை. பெலிஸ்தரின் அதிபதிகள் ஆளுக்கு 1100 வெள்ளிக்காசு தருவதாகச் சொல்கிறார்கள். பெலிஸ்தருக்கு ஐந்து அதிபதிகள் என்று இதே புத்தகத்தின் 3ஆம் அதிகாரம் சொல்கிறது, ஐந்து பேரும் கொடுத்திருந்தால் 5500. அடுத்த அதிகாரத்தில் ஒரு லேவியனைப் பூசாரியாக வைத்துக்கொள்ள வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசும் சோறும் துணியும் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் 550 வருஷச் சம்பளம்!

மூன்று முறை அவன் பொய் சொல்கிறான். ஈரம் காயாத ஏழு நாண்கயிறு, புதுக்கயிறு, தறியில் சேர்த்து நெய்யப்பட்ட ஏழு சடை. மூன்று முறையும் அவன் சொன்னதையே அவள் அவனுக்குச் செய்துபார்த்து, பெலிஸ்தர் வந்துவிட்டார்கள் என்று கத்துகிறாள். அதாவது தன்னுடைய ரகசியத்தை அவள் மூன்று முறை அவன் முகத்துக்கு நேராகவே காட்டிவிட்டாள். நான்காவது முறை உண்மையைச் சொல்கிறவன் எதை நம்பிச் சொல்கிறான்? தினமும் அவள் அரித்ததில் சாகலாம்போல் சலித்துப்போய்ச் சொன்னான் என்கிறது பிரதி. பேயரின் அளவுகோலில், கெடுதல் வரும் என்று தெரிந்தே கொடுத்தது நம்பிக்கையில் சேராது. தெலீலாள் செய்தது அயோக்கியத்தனம், நேசத்தின் பெயரைச் சொல்லி ஓர் ஆளை விற்றாள். அதை விற்பனை என்றே சொல்லலாம். இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற நம்பிக்கைத் துரோகத்தில் நம்பிக்கை இருந்த இடத்தைத் தேடினால் கிடைப்பதில்லை.

மில்டன் 1671இல் வெளியிட்ட 'சாம்சன் அகனிஸ்டஸ்' நாடகத்தில், குருடாகிச் சிறையில் கிடக்கும் சிம்சோனிடம் தெலீலாள் நேரில் வருகிறாள். தேசம், மதம் என்று தன் பக்கத்தை வாதாடுகிறாள். திம்னாத்துப் பெண் அந்த நாடகத்தில் ஒரு பழைய நினைவாக மட்டும் வந்துபோகிறாள். வாதாடுவதற்கு வலுவான வழக்கு அவளிடம்தான் இருந்தது.

இரண்டு பெண்களுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு காட்டிக்கொடுத்தல் இருக்கிறது. அதை யாரும் துரோகக் கணக்கில் சேர்ப்பதில்லை. 15ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தர் யூதாவுக்குள் படையோடு வந்துவிட, யூதாவைச் சேர்ந்த 3000 பேர் ஏத்தாம் கன்மலைக் குகைக்குப் போகிறார்கள், தங்கள் ஆளான சிம்சோனைக் கட்டி ஒப்படைக்க. கோழைத்தனம்தான். ஆனால் அவர்கள் ஒன்று செய்கிறார்கள். பெலிஸ்தர் நம்மை ஆள்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று அவனிடமே கேட்கிறார்கள். உன்னைக் கட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். நீங்களே என்னைக் கொல்லமாட்டோம் என்று ஆணையிடுங்கள் என்கிறான். ஆணையிடுகிறார்கள். இரண்டு புதுக்கயிற்றால் கட்டிக்கொள்ள விடுகிறான். பிறகு கட்டை அறுத்துக்கொண்டு, ஒரு கழுதைத் தாடையெலும்பை எடுத்து ஆயிரம் பெலிஸ்தரைக் கொல்கிறான். யூதாக்காரர்கள் மேல் அவன் கோபப்பட்டதாகக்கூட இல்லை.

ஒப்படைத்தது என்ற செயல் மூன்று இடத்திலும் ஒன்றுதான். குகையில் பயம் வெளிப்படையாகப் பேசப்பட்டது, அதனால் அவனுக்கும் யோசிக்க, நிபந்தனை போட, சம்மதிக்க இடம் கிடைத்தது. திம்னாத்தின் அறையில் பயம் பேசப்படவில்லை. இதை வைத்து 'அவளும் சொல்லியிருக்கலாமே' என்று அவளைத் திட்டுவது சுலபம். 3000 பேராகப் போனவர்களுக்கும் தனியாக இருந்த ஒரு புது மணப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போது மறந்துவிடுவோம். பயத்தைச் சொல்லவும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது. அந்தப் பலம் இல்லாதவருக்குக் கேட்கிறவர்தான் அதைக் கடன் கொடுக்க வேண்டும்.

நம்மை நம்ப ஒருவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால், நம் ரகசியத்தை எடுத்துக் கொடுப்பதைத்தான் முதலில் நினைக்கிறோம். 'உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத' என்று. கேட்கிறவர் மேல் ஒரு சுமையை ஏற்றுகிறோம் என்று தோன்றுவதில்லை. அதைவிட முக்கியம், அவர் தன் பயத்தை நம்மிடம் வந்து சொல்ல முடியுமா என்பது. 'உன் விஷயத்தைச் சொல்லச் சொல்லி என்னை நெருக்குறாங்க, என்ன பண்ணட்டும்?' என்று நம்மிடமே வந்து கேட்கக்கூடிய ஆளாக நாம் இருக்கிறோமா? அது இருந்தால் ரகசியம் வெளியே போனாலும் உறவு மிஞ்சலாம். அது இல்லாதபோது ரகசியம் பத்திரமாக இருப்பது தற்செயல்.

இதை நீட்டினால் எல்லாத் துரோகத்துக்கும் பாதிக்கப்பட்டவரையே பொறுப்பாக்கிவிடலாம் என்ற ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம்தான். தெலீலாளுக்கு எந்தப் பயமும் இருந்ததாகப் பிரதி சொல்லவில்லை, 'ஏன்?' என்று கேட்டிருந்தாலும் அவள் விற்றிருப்பாள். காசுக்காகவும் வேடிக்கைக்காகவும் ரகசியத்தை விற்பவர்கள் உண்டு, அவர்களுக்கு இந்த வாதம் அடைக்கலம் கிடையாது. திம்னாத்திலும் முதல் குற்றவாளிகள், நேராக வெல்ல முடியாத பந்தயத்தை வெல்ல ஒரு வீட்டைக் கொளுத்துவோம் என்ற அந்த 30 பேர். சிம்சோனோ, அவர்களிடமே அவளை ஒரு மாட்டோடு ஒப்பிட்டு, தன் கிடாரியை வைத்து அவர்கள் உழுதுவிட்டதாகச் சொன்னான். ஏர் பூட்டியவர்களைத் தெரிந்திருந்தும் கோபித்துக்கொண்டு கைவிட்டது அவளை.

கடைசியாகக் காசாவில், தாகோன் கோயிலில், இன்னொருவர் இருக்கிறார். கண் பிடுங்கப்பட்ட சிம்சோனைக் கைப்பிடித்து அழைத்துவரும் சிறுவன். அவனுக்கும் பெயர் கிடையாது. கோயிலைத் தாங்குகிற தூண்களை நான் தடவிப்பார்க்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன், என்னை விடு என்று சிம்சோன் அவனிடம் கேட்கிறான். சிறுவன் நம்பி விடுகிறான். மாடியில் மட்டும் 3000 பேர் இருந்த அந்தக் கட்டடம் அடுத்த சில நிமிஷத்தில் எல்லோர் மேலும் விழுகிறது. சிறுவன் தப்பினானா என்று பிரதி சொல்லவில்லை. சாயத்தான் கேட்கிறார் என்று அவன் நினைத்திருப்பான். சிம்சோனிடம் இப்போது வேறொரு ரகசியம் இருந்தது, இந்த முறை அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.